ரெட்சோன் பார்க்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் மதியம் 1 மணிக்கு என்எஃப்எல்லில், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கில், ஏழெட்டு ஆட்டங்கள் ஒரே சமயத்தில் தொடங்கிவிடும். ஒன்றைப் பார்த்தால் மற்றதெல்லாம் போச்சு. அதற்காகவே உள்ள சேனல்தான் ரெட்சோன். எந்த ஆட்டத்தில் ஓர் அணி எதிரணியின் கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டதோ, படம் அங்கே தாவும். அங்கே புள்ளி எடுத்தார்களோ கோட்டைவிட்டார்களோ, உடனே அடுத்த ஆட்டம். கல்யாணப் பந்தியில் எந்த இலையில் எது காலியாகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடுகிறவர் இருப்பார் இல்லையா, அந்த வேலையைத்தான் ரெட்சோனின் தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். 2009ல் சேனல் தொடங்கியதிலிருந்து தொகுத்து வழங்குபவர் ஸ்காட் ஹான்சன். அதற்கு முன்பே 2005ல் டைரக்ட்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்காக இதே மாதிரி ஒரு சேனலைத் தொடங்கியிருந்தது. ஆண்ட்ரூ சிசிலியானோ தொகுத்த அந்தச் சேனல் 2022 சீசனோடு நின்றுவிட்டது. இன்று பொதுவாக ரெட்சோன் என்றால் ஹான்சனுடையதுதான்.

பிரச்சினை என்று வந்தால் எல்லோரும் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. ரெட்சோனில் வரும் தொல்லைக்கு நான்கு இடங்களில்தான் காரணம் இருக்கும்: சேனலே அப்படித்தான், உங்கள் சந்தா, உங்கள் இணைய இணைப்பு, உங்கள் டிவி. நான் பார்த்தவரை பெரும்பாலான புகார்கள் முதல் இரண்டிலேயே முடிந்துவிடுகின்றன. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். அதே ஆப்பில் வேறொரு நேரலைச் சேனலைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் இணைப்பின் மேல் பழி இல்லை. அடுத்து, அதே ரெட்சோனைப் போனில் போட்டுப் பாருங்கள். போனில் சரியாக இருந்து டிவியில் மட்டும் தகராறு என்றால் டிவி பக்கம் தேடலாம். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் டிவியின் செட்டிங்ஸுக்குள் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"சேனலைப் போட்டா ஒரே படம் அசையாம நிக்குது"

ரெட்சோன் 24 மணி நேரச் சேனல் இல்லை. வழக்கமான சீசனில், ஞாயிறு பிற்பகலில் மட்டும், சுமார் 7 மணி நேரம் ஓடும். மற்ற நேரத்தில் சேனல் எண் இருக்கும், உள்ளே நிகழ்ச்சி இருக்காது.

வியாழன் இரவு, ஞாயிறு இரவு, திங்கள் இரவு ஆட்டங்கள் இதில் வராது. லண்டன் போன்ற ஊர்களில் கிழக்குக் கரை நேரம் காலை 9:30க்குத் தொடங்கும் ஆட்டங்களும் வராது. நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளின் வியாழக்கிழமை ஆட்டங்களும் அப்படியே. ஜனவரியில் 18வது வாரம் முடிந்ததும் ரெட்சோனும் முடிந்தது. வழக்கமான சீசனுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இதைத் தேடிப் பயனில்லை. 2022ல் கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்ததால் பெரும்பாலான ஆட்டங்களை முந்தைய நாள் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், ரெட்சோனும் சனிக்கிழமைக்குப் போனது. டிசம்பர் கடைசியில் மட்டும் அட்டவணையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், கடிகார மாற்றம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் செப்டம்பர், அக்டோபரில் நிகழ்ச்சி இரவு 10:30க்குத் தொடங்கும். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் இரவு 11:30. சிங்கப்பூர், மலேசியாவில் திங்கள் அதிகாலை 1 மணி, பிறகு 2 மணி. லண்டனில் இருப்பவர்கள்தான் பாவம். அவர்கள் கடிகாரம் அக்டோபர் கடைசி ஞாயிறே மாறிவிடும், அமெரிக்கா ஒரு வாரம் கழித்து மாறும். அதனால் வழக்கமாக மாலை 6 மணிக்குத் தொடங்குவது, அந்த ஒரு ஞாயிறு மட்டும் 5 மணிக்கே தொடங்கிவிடும். ஆறு மணிக்கு டீயோடு உட்கார்ந்து "முதல் கால் பாகம் எங்கே போச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அமெரிக்காவுக்குள்ளேயே அரிசோனாக்காரர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பெரும்பகுதி அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, காலை 10 மணி நிகழ்ச்சி நவம்பரில் 11 மணிக்குப் போய்விடும்.

"காசு கட்டியாச்சு, சேனல் எங்கே?"

அநேகமாக நீங்கள் வாங்கியது சண்டே டிக்கெட்டாக இருக்கும். இரண்டும் ஒன்றில்லை. சண்டே டிக்கெட் என்பது உங்கள் ஊரில் சிபிஎஸ், ஃபாக்ஸ் சேனல்களில் வராத ஞாயிறு பிற்பகல் ஆட்டங்களை முழுசாகப் பார்க்கும் தொகுப்பு. 2023 முதல் அது யூடியூபில் இருக்கிறது. ரெட்சோன் தனிச் சேனல். சில இடங்களில் இரண்டையும் சேர்த்து விற்பார்கள், சில இடங்களில் விளையாட்டுச் சேனல்களின் கூடுதல் தொகுப்பில் ரெட்சோனை வைத்திருப்பார்கள். மாதக் கட்டணத்தில் அடிப்படைத் தொகுப்பு மட்டும் இருந்தால் ரெட்சோன் வராது. ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் "ரெட்சோன்" என்ற பெயரோ விளையாட்டுத் தொகுப்பின் பெயரோ தனி வரியாக இருக்க வேண்டும்.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு: போனில் வருகிறது, டிவியில் வரவில்லை. இதைக் கோளாறு என்று நினைத்து டிவி ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுகிறவர்கள் நிறைய. சில சந்தாக்கள் போனுக்கு மட்டும்தான், டிவிக்கு இல்லை. போன் திரையை டிவிக்கு அனுப்பினாலும் ஆப் கண்டுபிடித்துக் கறுப்பாக்கிவிடும். சந்தா விவரத்தில் எந்தச் சாதனங்கள் என்று போட்டிருக்கும், அதைச் சீசன் தொடங்கும்போதே படியுங்கள். போன வருடம் இருந்த விதி இந்த வருடமும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் 2023 முதல் என்எஃப்எல்லின் வெளிநாட்டுச் சந்தாவான கேம் பாஸ், டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் ஆப்புக்குள் இருக்கிறது. பழைய கேம் பாஸ் ஆப்பையே திறந்து வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

கேபிள் இணைப்பில், சந்தாவும் சரியாக இருந்து "அனுமதி இல்லை" என்று வந்தால், செட்டாப் பாக்ஸுக்கு மறுபடி சிக்னல் அனுப்பச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆப்பிலேயே அதற்குப் பொத்தான் இருக்கும். இதை ஞாயிறு 12:55க்குச் செய்யாமல் சனிக்கிழமையே செய்துவிடுங்கள். ஞாயிறு மதியம் உதவி மையத்தில் வரிசை நீளம்.

"இந்த இடத்தில் கிடைக்காது என்கிறது"

விபிஎன் (நீங்கள் வேறு ஊரில் இருப்பதாகக் காட்டக்கூடிய இணைய மென்பொருள்) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், பலருக்கு நினைவே இருக்காது. அடுத்து, ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா. உறவினர் வீட்டுக்குப் போய் அங்கே டிவியில் உங்கள் கணக்கைத் திறந்தால் ஆப் பழைய ஊரையே நினைத்துக்கொண்டிருக்கும். போனில் அதே கணக்கைத் திறந்து இருப்பிடத்தைப் புதுப்பிக்கச் சொல்லும், அதைச் செய்தால் போதும்.

"கடிகாரம் பின்னாடி போகுது!"

இது கோளாறே இல்லை. ஆனால் புதிதாகப் பார்ப்பவர்களை மிரள வைப்பது இதுதான். திரையின் மூலையில் ஒரு ஆட்டம் மூன்றாம் கால் பாகம், 4:12 பாக்கி என்று காட்டுகிறது. படம் வேறு ஆட்டத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. இப்போது 5:40 பாக்கி என்கிறது, ஸ்கோரும் குறைந்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் பின்னால் நழுவிவிட்டது என்று நினைத்து எல்லோரும் ஆப்பை மூடித் திறக்கிறார்கள்.

நடப்பது என்னவென்றால், இரண்டு மைதானங்களில் ஒரே நிமிடத்தில் டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) விழுந்தால் ஒன்றைத்தான் நேரலையாகக் காட்ட முடியும். மற்றதைப் பதிவு செய்து வைத்திருந்து, கொஞ்சம் ஓய்ந்ததும் காட்டுவார்கள். ஹான்சனும் முன்கூட்டியே "கொஞ்சம் பின்னால் போவோம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு அரட்டை அடிப்பவர்கள் காதில் அது விழாது. ரெட்சோனில் காட்டுவதெல்லாம் அந்த விநாடியில் நடப்பது இல்லை, இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சந்தேகம் வந்தால் திரையின் அடியில் ஓடும் ஸ்கோர் பட்டையைப் பாருங்கள். ஆட்டத்தின் மூலையில் உள்ள ஸ்கோரும் கீழ்ப் பட்டையில் உள்ள ஸ்கோரும் வேறாக இருந்தால், நீங்கள் பார்ப்பது சில நிமிடம் பழையது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அநேகமாக நேரலைதான்.

"நம்ம டீமைக் காட்டவே மாட்டேங்குறாங்க"

உங்கள் அணி பந்தை நகர்த்தவில்லை என்று அர்த்தம். நான்கு முயற்சியில் 10 யார்டு எடுக்க முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் அணிக்கு ரெட்சோனில் வேலை இல்லை. ஒரு அணியை மட்டும் முழுசாகப் பின்தொடர வேண்டும் என்றால் இது தப்பான சேனல். உள்ளூர் ஆட்டமாக இருந்தால் ஆன்டெனா போட்டு சிபிஎஸ்ஸிலோ ஃபாக்ஸிலோ இலவசமாகவே பார்க்கலாம். இரண்டாவது டிவியோ பழைய டேப்லெட்டோ இருந்தால் அதில் ரெட்சோனைச் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள்.

மாலை 4 மணிக்கு மேல் சேனல் மந்தமாவதும் இதே வகை. பிற்பகல் முதல் கட்டத்தில் ஏழு, எட்டு, சில வாரம் ஒன்பது ஆட்டம்கூட இருக்கும். 4:05, 4:25 மணிக்குத் தொடங்கும் இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் மூன்று, நான்குதான். அணிகளுக்கு மாறி மாறி ஓய்வு வாரம் வரும் அக்டோபர், நவம்பரில் அதுவும் குறையும். மூன்று ஆட்டமும் ஒரே நேரத்தில் இடைவேளைக்குப் போனால் ஹான்சனுக்கே காட்ட ஒன்றும் இருக்காது, பழைய டச்டவுன்களை மறுபடி போடுவார்.

"டச்டவுன் போன்ல முன்னாடியே வந்துடுது"

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் எரிச்சலாவது இதில்தான். பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கி நிற்கிறார், பக்கத்தில் இருக்கும் போன் "டிங்" என்கிறது, முடிந்தது கதை.

மைதானத்திலிருந்து ஸ்கோர் வெறும் எழுத்தாகப் போனுக்கு வந்துவிடுகிறது. படம் அப்படி வர முடியாது. மைதானத்திலிருந்து ஒளிபரப்பு நிறுவனத்துக்கு, அங்கிருந்து ரெட்சோன் ஸ்டூடியோவுக்கு, அங்கே ஹான்சன் பேச்சோடு கலந்து, பிறகு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தில் துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டு, கடைசியில் உங்கள் டிவியில் சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் ஓடும். கேபிளில் இந்தத் தாமதம் குறைவு. ஸ்ட்ரீமிங்கில் அரை நிமிடம் சாதாரணம், ஒரு நிமிடம்கூட ஆகலாம். ஆன்டெனாதான் எல்லாவற்றையும்விட வேகம். உள்ளூர் ஆட்டம் ஒரு டிவியில் ஆன்டெனாவிலும் பக்கத்து டிவியில் ரெட்சோனும் ஓடினால் இது கண்ணுக்கே தெரியும்.

முதலில் நீங்களே சேர்த்த தாமதத்தைக் கழியுங்கள். இடையில் ஒருமுறை பாஸ் செய்துவிட்டுப் பாத்ரூம் போய் வந்திருப்பீர்கள். அங்கிருந்தே தொடர்ந்து பார்த்தால் மாலை முழுக்க மூன்று நிமிடம் பின்னால்தான் இருப்பீர்கள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே நேரக்கோடு வரும். "லைவ்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தால் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் முன்னால் தாவும்.

யூடியூப் டிவியில், படம் ஓடும்போது மூன்று புள்ளி மெனுவுக்குள் "பிராட்காஸ்ட் டிலே" என்று ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் சில விநாடிகள் மிச்சமாகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தாமதம் என்பது டிவி முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் கையிருப்பு. அதைக் குறைத்தால் இணைப்பு லேசாகத் தடுமாறினாலே படம் நின்றுவிடும். கேபிள் வழி இணையம், அதுவும் டிவிக்கு நேராக ஒயர் என்றால் தாராளமாகக் குறையுங்கள். மாடி அறையில் வைஃபை இரண்டு கோடு காட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் போனை முந்த முடியாது. அதனால் போனைத்தான் அடக்க வேண்டும். ஸ்கோர் ஆப், ஃபேண்டசி ஆப், பந்தய ஆப் மூன்றுக்கும் ஞாயிறு மட்டும் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். ஸ்மார்ட் வாட்சை மறந்துவிடாதீர்கள், போனை அமைதியாக்கிய பிறகும் அது மணிக்கட்டில் துடிக்கும். வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்வது அவசியம். கேபிள் வைத்திருக்கும் ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், ஒவ்வொரு டச்டவுனையும் "டேய்ய்ய்" என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார். நண்பர்களோடு போனில் பேசிக்கொண்டே பார்ப்பது உங்கள் வழக்கம் என்றால், எல்லோரும் ஒரே ஆப்பில் பார்ப்பது ஓரளவு உதவும். யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஒருமுறை பாஸ் செய்து மற்றவர்களுக்காக நின்றால், அன்று முழுக்கச் சேர்ந்து கத்தலாம்.

"கரெக்டா கடைசி நேரத்துல வட்டம் சுத்துது"

முதல் கட்ட ஆட்டங்கள் முடியும் தறுவாயில், கிழக்குக் கரை நேரம் மாலை 3:30ஐ ஒட்டி, ஹான்சன் "விட்சிங் அவர்" என்று அறிவிப்பார். வெற்றி தோல்வியாகவும் தோல்வி வெற்றியாகவும் மாறும் நேரம் என்று அவர் சொல்வதற்கு ஏற்ப, ஐந்தாறு ஆட்டங்கள் ஒரே சமயத்தில் இழுபறியில் இருக்கும். அந்த நேரத்தில்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள், உங்கள் வீட்டிலும் எல்லோரும் வந்து உட்கார்வார்கள். ஆளுக்கொரு போன், எல்லாம் அதே வைஃபையில்.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு ரவுட்டரை அணைக்காமல், எங்கே அடைப்பு என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. யூடியூபிலும் யூடியூப் டிவியிலும் மெனுவில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்று ஒன்று உண்டு. அழுத்தினால் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு பெட்டி வரும். அதில் இரண்டு வரி போதும். ஒன்று "பஃபர் ஹெல்த்", கையிருப்பில் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்பது. இன்னொன்று "டிராப்ட் ஃபிரேம்ஸ்", டிவி காட்டாமல் விட்ட படங்கள். கையிருப்பு விநாடிகள் மெல்ல மெல்லக் கரைந்து சுழியத்தை நெருங்கும்போது வட்டம் சுற்றினால், இணைப்புதான் காரணம். கையிருப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் விடுபட்ட படங்களின் எண் ஏறிக்கொண்டே போகிறது, படம் தத்தித் தத்திப் போகிறது என்றால், டிவியோ ஸ்ட்ரீமிங் பெட்டியோ திணறுகிறது. இந்த இரண்டாவது வகைக்கு ரவுட்டரை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இணைப்பு என்று தெரிந்தால் வரிசை இது. டிவிக்கு ஈதர்நெட் ஒயர் போட முடிந்தால் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். முடியாவிட்டால் டிவி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ் எல்லாம் சேர்ந்து இடிக்கும். பாதி நேர இடைவேளைக்கு பாப்கார்ன் போடும்போதெல்லாம் படம் நின்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். ரவுட்டர் டிவியை விட்டுச் சில சுவர் தள்ளி இருந்தால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் பலவீனமாகும், அப்போது 2.4தான் தேவலை. அப்புறம், யாராவது பெரிய கேம் ஒன்றை டவுன்லோட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். கேட்பதற்கே சங்கடமாக இருக்கும், ஆனால் அடிக்கடி அதுதான். கடைசியாக, படத்தின் தரத்தை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். ஃபாக்ஸ் ஆட்டங்கள் அடிப்படையில் 720 தரத்தில்தான் வருகின்றன, அதனால் பெரிய இழப்பு இல்லை.

இணைப்பு இல்லாமல் சாதனம்தான் திணறுகிறது என்றால், பழைய ஸ்மார்ட் டிவியின் உள்ளே இருக்கும் ஆப்பைவிட ஒரு புதிய ஸ்ட்ரீமிங் குச்சி நன்றாக ஓடும். டிவியை ரிமோட்டில் அணைப்பது உண்மையில் தூங்க வைப்பதுதான். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

நாலு ஆட்டத்தை ஒரே திரையில் காட்டும் மல்டிவியூ வைத்தால் நாலு மடங்கு இணையம் இழுக்கும் என்று பயப்படுகிறார்கள். யூடியூபில் அப்படி இல்லை. நான்கையும் அவர்கள் பக்கத்திலேயே ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாகத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கு அது ஒரு சேனல் பார்ப்பது மாதிரிதான்.

"எட்டுப் பெட்டி வந்ததும் எல்லாம் குழம்பாத் தெரியுது"

எட்டு ஆட்டத்தை ஒரே திரையில் போடும் ஆக்டாபாக்ஸ் ரெட்சோனின் பெருமை. ஆனால் படத்தைச் சுருக்கும் மென்பொருளுக்கு அது தலைவலி. புல்தரையில் ஓடும் 22 பேரையே சுருக்குவது கஷ்டம், எட்டு மைதானம் என்றால் எல்லா மூலையிலும் அசைவு. அதனால் அந்த நேரத்தில் புல் கலங்குவது, எண்கள் மங்குவது சகஜம். ஒற்றை ஆட்டத்துக்குத் திரும்பியதும் தெளிந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓரத்தில் உள்ள பெட்டிகளும் கீழ் ஸ்கோர் பட்டையும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது வேறு சமாச்சாரம், அது டிவி. பல டிவிக்கள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும், பழைய காலப் பழக்கம். படத்தின் அளவு மெனுவில் சாம்சங்கில் "ஃபிட் டு ஸ்க்ரீன்", எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்" என்று இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் வரும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளும் டிவிக்கள் உண்டு, ஸ்ட்ரீமிங் பெட்டியை வேறு துளைக்கு மாற்றினால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

"பந்து இழுத்துக்கிட்டே போற மாதிரி இருக்கு"

இரண்டு காரணம். அமெரிக்காவில் என்றால் பெரும்பாலும் டிவியின் அசைவு மெருகேற்றம், அதாவது படங்களுக்கு இடையில் டிவியே புதுப் படங்களைச் சேர்ப்பது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர் வேறுபடும். நீண்ட பாஸ் வீசும்போது பந்துக்குப் பின்னால் நிழல் வால் மாதிரி தெரிந்தால் அதைக் குறையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். "ஸ்போர்ட்ஸ் மோட்" என்று ஒன்று இருக்கிறதே என்று அதைப் போட்டால், இந்த மெருகேற்றத்தைத்தான் உச்சத்தில் வைக்கும், புல்லையும் கண்ணைப் பறிக்கும் பச்சையாக்கிவிடும். என் கருத்தில் அந்தப் பொத்தான் விளையாட்டு பார்ப்பவர்களுக்காகச் செய்ததே இல்லை.

இந்தியாவிலோ பிரிட்டனிலோ இருந்து பார்த்தால் காரணம் வேறு. அமெரிக்க ஒளிபரப்பு விநாடிக்கு 60 படம். உங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டி 50 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருந்தால் விநாடிக்குப் பத்துப் படத்தைத் தூக்கி எறிந்தாக வேண்டும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது, அதாவது ஒருவர் பந்தோடு எல்லைக்கோட்டை ஒட்டி ஓடும்போது, லேசாக வெட்டி வெட்டி நகரும். நேராக நிற்கும் காட்சியில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பலர் இணைப்பைக் குறை சொல்கிறார்கள். பெட்டியின் வீடியோ செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் டிவியிலும் ஃபயர் டிவியிலும் படத்தின் வேகத்துக்கு ஏற்பத் தானாக மாறும் வசதி உண்டு, ஆனால் எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை. கையால் 60 வைப்பதுதான் நிச்சயம்.

"சத்தமும் படமும் ஒட்டலை"

ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹான்சன் ஸ்டூடியோவில் முகம் காட்டிப் பேசும்போது உதட்டைப் பாருங்கள். அவர் பேச்சு ஒட்டி வந்து ஒரு ஆட்டத்தில் மட்டும் ஒட்டவில்லை என்றால், அந்த ஆட்டத்தின் ஒளிபரப்பிலேயே தவறு, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் பேச்சே பிந்தினால் சவுண்ட்பார். புளூடூத்தில் இணைத்திருந்தால் எச்டிஎம்ஐ ஒயருக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். இரண்டு, நான்கு, எட்டுப் பெட்டி காட்டும்போது ஒரு ஆட்டத்தின் சத்தம்தான் வரும், மற்றவை ஊமையாகத்தான் இருக்கும்.

"விளம்பரமே வராதுன்னு சொன்னாங்களே"

முன்பு வராது. நிகழ்ச்சி தொடங்கும்போது ஏழு மணி நேரம் விளம்பரமில்லாத ஃபுட்பால் என்று ஹான்சன் முழங்குவதே ஒரு சடங்காக இருந்தது. 2024 டிசம்பரில் ஒரு ஞாயிறு, திரையின் ஒரு பக்கம் ஆட்டமும் மறுபக்கம் விளம்பரமுமாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2025 சீசனிலிருந்து விளம்பரம் நிலையாக வந்துவிட்டது. ஹான்சனும் அந்த வாக்கியத்திலிருந்து "விளம்பரமில்லாத" என்பதை எடுத்துவிட்டார். உங்கள் ஆப்பில் யாரும் எதையும் புகுத்தவில்லை, விளம்பர நீக்கியாலும் இது போகாது.

"ரெக்கார்டிங் கடைசியில கட் ஆயிடுச்சு"

நிகழ்ச்சி நிரலில் இரவு 8 மணிக்கு முடியும் என்றிருக்கும், ஆனால் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் அந்தக் கணக்கு நிற்காது. முடிவில் அன்று விழுந்த எல்லா டச்டவுன்களையும் வரிசையாக ஓட்டுவார்கள், இரவில் அலுப்போடு ரெக்கார்டிங் பார்ப்பவர்கள் முக்கியமாக எதிர்பார்ப்பதே அதைத்தான். டிவிஆரில் முடியும் நேரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். அந்த வசதி இல்லை என்றால் ரெட்சோனுக்கு அடுத்து அதே சேனலில் என்ன போட்டிருக்கிறதோ அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவைத் திறக்கும்போது ஆப்பின் முகப்பில் ஸ்கோர் தெரியாமல் மறைக்கும் வசதி இருந்தால் அதைச் சனிக்கிழமையே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பதிவைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முகப்புப் பக்கமே எல்லா முடிவையும் சொல்லிவிடும்.